பலூனுக்கு அடியில் ஒரு முகம்

ஐந்து வயதுக் குழந்தை ஒரு பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டால் தாய் என்ன செய்ய வேண்டும்? சட்டென்று திரையை மூட வேண்டுமா, பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டுமா? நான் இரண்டையும் செய்யவில்லை. "அது சும்மா படம்டா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பழைய திகில் காமிக்ஸ்களை மறுபதிப்புச் செய்யும் ஒரு சிறிய பதிப்பகத்தில் பக்கங்களைச் சுத்தம் செய்வது என் வேலை. பக்கத்தை ஸ்கேன் செய்து, மஞ்சளையும் கறையையும் நீக்கி, அச்சுக்குத் தயார் செய்து கொடுக்க வேண்டும். கணினி படித்துவிட்டு இந்த வேலைக்கு வரலாமா என்று தங்கைகள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நல்ல வேலை என்றோ, வேண்டாம் என்றோ உறுதியாகச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

1. மழை காணாமல் போன புத்தகம்

எங்கள் அலுவலகம் புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கிறது. இரண்டு அறைகள், ஒரு ஸ்கேனர், இரண்டு கணினிகள். பதிப்பாளர் சாதிக் அண்ணன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை அவருக்கு "வாம்மா, உக்காரு" என்று சொல்லக்கூட நேரம் இல்லை. போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பேசியவர் அறந்தாங்கியில் இருக்கும் ராமசாமி சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் முன்பதிவு செய்து வாங்குபவர்.

"தம்பி, மழை எங்க தம்பி?"

"என்ன சார்?"

"அந்த பங்களாக் கதையில மொதப் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் மழை பெய்யும். ஏழாப்பு படிக்கையில நான் அந்த மழைக்குத்தான் பயந்தேன், பேய்க்குக்கூட இல்ல. ஒங்க புக்குல வெயிலு அடிக்குதுய்யா! அந்தாளு எதுக்குக் குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறான்?"

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். எல்லோரும் குடை பிடித்திருந்தார்கள். ஒரு சொட்டு மழை இல்லை.

நடந்தது இதுதான். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சாதிக் அண்ணன் ஸ்கேன் செய்த பக்கங்கள் எல்லாவற்றுக்கும் தூசியையும் கீறலையும் நீக்கும் ஃபில்டரைப் போட்டிருக்கிறார். அந்தக் கால ஓவியர்கள் மழையை வரைவதில்லை. கறுப்பு மை பூசிக் காய்ந்ததும் பாதியாக உடைத்த பிளேடால் சுரண்டுவார்கள். அடியில் இருக்கும் வெள்ளை, கோடு கோடாகத் தெரியும். அதுதான் மழை. கணினிக்கு அது கீறலாகத்தான் தெரியும்.

"கீறலு போகட்டும்னுதான்மா போட்டேன். மழையே கீறல்தான்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

மழையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் என் முதல் வேலை. ஃபில்டர் இல்லாமல், ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கி, இது அழுக்கு, இது மை, இது பிளேடு என்று கண்ணால் பிரித்துப் பார்த்துக் கையால் துடைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தொடக்கூடாது. எனக்குச் சந்தேகம் வராத விஷயமே கிடையாது என்பதால் இந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது.

2. மெட்டி போட்ட பேய்

அதற்கு முன்பு நான் திகில் காமிக்ஸ் படித்ததே இல்லை. எங்கள் வீட்டில் அதை எல்லாம் பையன்கள் படிக்கிற குப்பை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு படத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கி மணிக்கணக்கில் பார்த்தால் அப்படி நினைக்க முடியாது.

எங்களிடம் இருந்ததில் பாதி, வெளிநாட்டுக் கதைகளின் தமிழ்ப் பதிப்பு. கோட்டை, கல்லறை, வௌவால். மீதி, நம் ஊர் ஓவியர்கள் வரைந்தவை. அதில் மருதை என்று ஒருவர். கறம்பக்குடிக்காரர், இறந்து பல வருடம் ஆகிறது. புத்தகத்தில் எங்கும் அவர் பெயர் இருக்காது. அந்தக் காலத்தில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் இல்லை; சாதிக் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச நாள் பழகினால், பக்கத்தைத் திருப்பியதும் இது மருதை என்று தெரிந்துவிடும்.

அவருடைய பேய் கோட்டையில் வராது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வரும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும். பேய்க்குக் கால் கிடையாது என்றுதான் எல்லோரும் வரைவார்கள். இவர் கால் வரைவார், விரலில் மெட்டியும் போடுவார். நனைந்த முந்தானை என்றால் அது எவ்வளவு கனமாகத் தொங்குமோ அவ்வளவு கனமாகத் தொங்கும். பனிமூட்டம் வேண்டும் என்றால் டூத் பிரஷ்ஷை மையில் தொட்டுக் கட்டைவிரலால் சிலுப்பிவிடுவார். அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூடப் பேயின் முகத்தில் விழுந்திருக்காது. முகத்தின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்துக்கொண்டு சிலுப்பியிருப்பார் போல.

சாதிக் அண்ணன் ஒருநாள் சொன்னார். "சித்தன்னவாசலுக்குப் போயி, அழிஞ்சு போன தாமரையக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறோம்ல? இவரு வரைஞ்சது அழியவே இல்ல, நாம பாக்கல."

அன்றிலிருந்து அவர் படங்களைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்கத் தொடங்கினேன்.

3. கிணற்றுப் படம்

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், என் மாமியார், மகள் இனியா. இனியா யூ.கே.ஜி. படிக்கிறாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்பதால் என்னோடு அலுவலகத்துக்கு வருவாள். வீணாய்ப்போன பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் மருதையின் கிணற்றுக் கதையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கதை இதுதான். ஒரு பெரிய வீட்டில் ஒரு பெண் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். அவள் பேயாக அங்கேயே இருக்கிறாள். அந்த வீட்டுச் சிறுமி பொன்னி ஒருநாள் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஏறி உள்ளே எட்டிப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து ஈரத் தலைமுடியும் ஒரு கையும் மேலே வருகின்றன. கை பொன்னியின் நெஞ்சைத் தொடுகிறது. அப்பா ஓடி வருகிறார். படத்தின் வலது பக்கத்தில் அவர் பேசும் பலூன். பலூன் என்றால் பாத்திரங்கள் பேசுவதை எழுதும் வெள்ளை வட்டம். அதில் இப்படி இருக்கும்: "பொன்னி! கிட்டப் போகாதே! அவள் உன்னை உள்ளே இழுத்துவிடுவாள்!"

இனியா என் நாற்காலிக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. அப்போதுதான் நான் "அது சும்மா படம்டா" என்று சொன்னேன். அவளும் சரி என்று போய் வரைய உட்கார்ந்துவிட்டாள்.

சில நாள் கழித்து அவள் வகுப்பு மிஸ் போன் செய்தார்.

"இனியா அம்மா, நீங்க பதற வேணாம். பிள்ளை ஸ்கூல்ல பாத்ரூமே போக மாட்டேங்குறா. தண்ணி பாட்டில் அப்படியே திரும்ப வருதுல்ல, கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருந்தேன். வெயில் குறைந்திருக்கிறது, அதனால் தாகம் எடுக்கவில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். "பிள்ளை அடக்கி அடக்கி வச்சிருக்கும்மா. மருந்து குடுத்துச் சரி பண்ணிரலாம். ஆனா மறுபடி அடக்குனா மறுபடி வரும். ஏன்னு கேளுங்க."

வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டேன்.

"ஸ்கூல் பாத்ரூம்கிட்ட கெணறு இருக்குல்லம்மா."

"அது மூடித்தானே கெடக்கு? இரும்புக் கம்பி போட்டிருக்காங்களே?"

"கம்பிக்குள்ள கை வரும்மா."

என் மாமியாரிடம் மறைக்க முடியவில்லை. "ஊருல எல்லாரும் ஏதேதோ வேலைக்குப் போறாளுக. நீ பேயக் குளிப்பாட்டுற வேலைக்குல்ல போற!" என்றார். சொல்லிவிட்டு அவரே, "பிள்ளைக்குச் சரியாகுற வரைக்கும் நான் ஸ்கூலு வாசல்ல போயி உக்காந்துக்கிறேன், பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் அதற்கு அனுமதி இல்லை. கணவர் வீடியோ காலில், "விட்டுரு. வேற வேலை பாத்துக்கலாம்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதால் சரி என்றுவிட்டேன்.

4. ஒட்டுக் காகிதம்

வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் மறுநாள் போனேன். சாதிக் அண்ணன் காரணத்தைக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

"பிள்ளைய விட இது பெருசில்லம்மா. இந்தப் புக்க மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ. அச்சகத்துல சொல்லிட்டேன்" என்றவர், மேசை மேல் ஒரு பெரிய அட்டைக் கட்டைக் காட்டினார். "ஒனக்காகத்தான் கறம்பக்குடி வரைக்கும் போயி வாங்கியாந்தேன்."

மருதை கையால் வரைந்த அசல் ஆர்ட் போர்டுகள். அதுவரை நான் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்துதான் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மருதையின் மகன் சேகர் அண்ணன் கறம்பக்குடியில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். பரணில் கிடந்த போர்டுகளை அவர் எடுத்துக் கொடுத்திருந்தார்.

கிணற்றுப் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு, முதலிலேயே முடித்துத் தொலைத்துவிடுவோம் என்று அதையே எடுத்தேன். போர்டில் பலூன் வரையப்பட்டிருக்கவில்லை. தனிக் காகிதத்தில் எழுதி, வெட்டி, பசையால் ஒட்டியிருந்தார்கள். அப்போதெல்லாம் அப்படித்தான் வழக்கம். பசை காய்ந்து பொரிந்துபோயிருந்தது. ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து எடுத்தபோது பலூனின் ஒரு ஓரம் தானாகவே எழும்பி நின்றது. அதற்கு அடியில் ஒரு புருவம் தெரிந்தது.

நான் அதைத் தொடவில்லை. போர்டு கெட்டுவிடுமோ என்ற பயம்தான், வேறில்லை. சாதிக் அண்ணனைக் கூப்பிட்டேன். இருவரும் ஒரு மெல்லிய ஸ்கேலைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினோம். பலூன் முழுசாகக் கையோடு வந்தது.

அடியில் பேயின் முகம் இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கிற முகம். கோரைப்பல் இல்லை. வாய் ஏதோ சொல்ல வருகிற மாதிரி பாதி திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே, பிளேடால் சுரண்டிய மெல்லிய வெள்ளைக் கோடுகள். மழை இல்லாத கதை அது. அவை கண்ணீர்.

"இது வேற கதைம்மா" என்றார் சாதிக் அண்ணன்.

சேகர் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, கெணத்துப் படத்துல பலூனுக்கு அடியில ஒரு மொகம் இருக்குண்ணே."

"மூக்குத்தி போட்டிருக்கா?"

"ஆமா."

"அப்ப அது எங்காத்தாதான்" என்று சிரித்தார். "எங்கப்பாரு வரையிற பொம்பளைப் பேய்க்கெல்லாம் எங்கம்மா மொகத்தத்தான் வப்பாரு. ஆத்தா அடுப்படியிலேருந்து கத்தும், ‘ஊரு ஒலகத்துல ஒனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலையா'ன்னு. ‘சம்பளம் கேக்காம உக்கார வேற யாருடி வருவா'ம்பாரு."

"அத ஏண்ணே மறைச்சாங்க?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு. அப்பா வரையும்போதே பலூனுக்குன்னு வானத்துல எடம் விட்டுருவாரு. மேல பாருங்க, காலியா கெடக்கும்."

பார்த்தேன். இடது மேல் மூலையில், சரியாகப் பலூன் அளவுக்கு, ஒரு கோடும் இல்லாத வானம்.

"அந்த எடத்த விட்டுட்டு மூஞ்சி மேல ஒட்டிருக்காங்கன்னா, மறைக்கணும்னுதான் ஒட்டிருப்பாங்க. அழுவுற பேய யாரு காசு குடுத்து வாங்குவா? நானா இருந்தாலும் மறைச்சுத்தான் வித்துருப்பேன்."

5. பிடிக்கிற கை, தள்ளுகிற கை

பலூன் இல்லாத அந்தப் படத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் போகும்போதே காட்டலாம் என்றும் வேண்டாம் என்றும் மாறி மாறித் தோன்றியது. ஒருமுறை கெடுத்தது போதாதா, மறுபடியும் அதே படத்தையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கடைசியில் சாயங்காலம் இனியா பால் குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கெணத்துப் படத்துல ஒரு மொகம் மறைஞ்சிருந்துச்சு. பாக்குறியா? வேணாம்னா வேணாம்" என்றேன்.

"மறுபடியும் அந்தச் சனியனையா காட்டப் போற?" என்றார் மாமியார்.

இனியா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

"இவங்க அழுவுறாங்க."

"ஆமாடா."

"இவங்க பிடிக்கலம்மா. தள்ளுறாங்க."

"என்னது?"

"நீ தோசை சுடும்போது நான் அடுப்புக்கிட்ட வந்தா இப்படித் தள்ளுவியே" என்று தன் சின்ன உள்ளங்கையை விரித்து என் நெஞ்சில் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். "இங்கிட்டு வராத, விழுந்துருவன்னு சொல்றாங்க."

படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளங்கை விரிந்திருந்தது. மணிக்கட்டு பின்னால் மடிந்திருந்தது. ஒரு விரல்கூடப் பொன்னியின் சட்டையைப் பற்றியிருக்கவில்லை. இந்தக் கையை நான் நாள்கணக்கில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கில் இருந்த ஒவ்வொரு கறையையும் துடைத்திருக்கிறேன். "இழுத்துவிடுவாள்" என்று பலூனில் எழுதியிருந்தது. நானும் இழுக்கிறாள் என்றே பார்த்தேன். இனியாவுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது.

மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பாவம், நல்ல மொகமாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "இருந்தாலும் பேயி பேயிதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பாடம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பழைய காமிக்ஸைக் கையில் எடுத்தால் முதல் தடவை பலூனைப் படிக்காதீர்கள். படத்தை மட்டும் பாருங்கள், முக்கியமாகக் கைகளை. எழுதியவர் சொன்னது ஒன்று, வரைந்தவர் சொன்னது வேறு ஒன்றாக இருக்கலாம். வரைந்தவருக்குப் பேசுவதற்கு இருந்த இடம் அது மட்டும்தான்.

திங்கட்கிழமை மாலை மிஸ் போன் செய்தார்.

"இனியா அம்மா, பிள்ளை பாத்ரூம் போயிட்டா. ரெண்டு தடவ போனா. தண்ணியும் குடிச்சா."

"ரொம்ப நன்றி மிஸ்."

"இருங்க, இன்னும் இருக்கு. போகும்போது கெணத்துக்கிட்ட நின்னு ‘போயிட்டு வாரேன் ஆண்டி'ன்னு டாட்டா காட்டிட்டுப் போறா. கெணத்துக்குள்ள ஒரு ஆண்டி இருக்காங்க, ரொம்ப நல்லவங்கன்னு கிளாஸ் பூராவும் சொல்லி வச்சிருக்கா. இப்ப மத்த பிள்ளைக யாரும் பாத்ரூம் போக மாட்டேங்குதுக. நாளைக்கு அந்தப் படத்தக் கொஞ்சம் குடுத்து விடுறீங்களா?"

சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். படத்தைக் கொடுத்தனுப்பினேன். மிஸ் அதை வகுப்பில் காட்டி, கை என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டாராம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பயம் போய்விட்டது. ஒரு பையனின் அம்மா மட்டும் வாசலில் என்னைப் பார்த்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

6. இப்போது

பலூனை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. ராமசாமி சார் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் போனில் கத்தினார். "அம்பது வருசமா அந்தக் கைக்கு நான் பயந்துக்கிட்டிருக்கேன். இப்ப வந்து அது நல்ல கைன்னா என்னம்மா அர்த்தம்?" சாதிக் அண்ணன் அவருக்குப் படத்தை அனுப்பி வைத்தார். மறுநாள், "ரெண்டையும் போடுங்க" என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தோம். கதைக்குள் பலூனை வானத்தில், மருதை விட்டு வைத்த இடத்தில் வைத்தோம். பழைய படத்தைக் கடைசிப் பக்கத்தில் போட்டோம். முதல் பக்கத்தில் ஓவியர் மருதை என்று பெயர் போட்டோம்.

வேலையை நான் விடவில்லை. விட்டிருக்க வேண்டுமோ என்று வாரத்துக்கு ஒருமுறை தோன்றும். இனியா சனிக்கிழமைகளில் வருகிறாள். எந்தப் பேயைக் கண்டாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இது பிடிக்கிறதா, தள்ளுறதா?" என்பதுதான். இதுவரை பார்த்தவை எல்லாம் எப்படியோ தள்ளுகிறவையாகவே அவளுக்குத் தெரிந்துவிட்டன. அவளுக்கு இப்போது பேய்கள் எல்லோரும் நல்லவர்கள்.

அடுத்த புத்தகத்தின் போர்டுகள் வந்துவிட்டன. அதுவும் மருதை வரைந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு சிறுவனை வேன் ஓரத்தில் ஒரு கை பிடிக்கிறது. அந்தக் கை பேயினுடையது இல்லை. அவனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிற, பேன்ட் சட்டை போட்ட, சிரித்த முகத்து ஆளுடையது. பலூனைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். அடியில் ஒன்றும் இல்லை. விரல்கள் ஐந்தும் அவன் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருக்கின்றன. மருதை சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை.

சனிக்கிழமை இனியா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கேட்பாள். அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்துவிடலாமா? அல்லது இந்தப் படத்தை அவள் பார்க்கத்தான் வேண்டுமா? பார்த்தால் மறுபடியும் தண்ணீர் குடிக்காமல் இருப்பாளா? இதைப் படிக்கும் உங்களில் சின்னப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.